ரேடியோஹெட்டின் ‘க்ரீப்’: 78ஆம் இடத்தில் விழுந்த பாட்டு 7ஆம் இடத்துக்கு ஏறியது எப்படி?

நரம்பிசை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பிரிட்டனைச் சேர்ந்த ராக் இசைக்குழுவான ரேடியோஹெட்டை நான் பின்னோக்கிக் கேட்டு வந்தவன். முதலில் 1997இல் வந்த ‘ஓகே கம்ப்யூட்டர்’, அடுத்து 2000இல் வந்த ‘கிட் ஏ’ என்று ஊறிப்போன பிறகுதான் அவர்களுடைய முதல் ஆல்பமான ‘பாப்லோ ஹனி’யையும், அதில் உள்ள ‘க்ரீப்’ பாட்டையும் வந்தடைந்தேன். இவ்வளவு எளிமையான பாட்டைத் தந்தவர்கள்தாம் பின்னாளில் அந்த ஆல்பங்களையும் தந்தார்களா என்று வியப்பாக இருந்தது. உலகெங்கும் அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த முதல் சிங்கிள் (தனியாக வெளியிடப்படும் பாட்டு) இதுதான் என்பதால் அதன் பின்கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கக் குழப்பமே மிஞ்சியது.

ஓரிடத்தில் இந்தப் பாட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 78ஆம் இடத்தோடு படுத்துவிட்டது என்கிறார்கள். இன்னோரிடத்தில் 7ஆம் இடம் வரை போனது என்கிறார்கள். கோரஸுக்கு (பல்லவி போலத் திரும்ப வரும் பகுதிக்கு) முன்னால் வரும் அந்தக் கரகரப்பான கிட்டார் ஓசை தற்செயல் என்று சிலரும், பாட்டைக் கெடுப்பதற்காகவே வாசித்தது என்று சிலரும் எழுதுகிறார்கள். போதாக்குறைக்கு, பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் குழுவினர் ஐவரோடு ஆல்பர்ட் ஹாமண்ட், மைக் ஹேசல்வுட் என்ற இருவரின் பெயர்களும் இருக்கின்றன. இவற்றில் எது உண்மை, எது கைகால் முளைத்த கதை என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதிவறை (மறுமொழி):

நண்பரே, நீங்கள் படித்தவை எல்லாமே உண்மைதான். ஆனால் எல்லாம் ஒரே நாளில் நடந்தவை அல்ல. பதிவு செய்த கதையை நான் சொல்கிறேன். பட்டியல் கணக்கை வேறு யாராவது சொல்லட்டும்.

ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆபிங்டன் பள்ளியில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர் அவர்கள். வெள்ளிக்கிழமைகளில் கூடிப் பயிற்சி செய்ததால் ‘ஆன் எ ஃப்ரைடே’ என்று குழுவுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். 1991இன் கடைசியில் இ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்துகொண்டபோது பெயரை மாற்றச் சொன்னது. டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் பாட்டொன்றின் தலைப்பிலிருந்து ‘ரேடியோஹெட்’ பிறந்தது. 1992 மே மாதம் வெளிவந்த ‘ட்ரில்’ என்ற முதல் இ.பி. (சில பாடல்கள் மட்டும் கொண்ட சிறு தொகுப்பு) 101ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அதன் பிறகுதான் பாஸ்டன் வட்டாரத்து ஃபோர்ட் அப்பாச்சி ஒலிப்பதிவுக் கூடத்தைச் சேர்ந்த ஷான் ஸ்லேட், பால் கோல்டரி என்ற இரு அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் வந்து சேர்ந்தார்கள்.

ஆக்ஸ்போர்டுஷயரில் உள்ள சிப்பிங் நார்ட்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை ‘இன்சைட் மை ஹெட்’, ‘லர்கீ’ என்ற இரு பாடல்களைப் பதிவு செய்வது. ‘க்ரீப்’ அந்தத் திட்டத்திலேயே இல்லை. குழுவின் பாடகர் தாம் யார்க் 1980களின் பிற்பகுதியில், எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது எழுதிக் கையிருப்பில் வைத்திருந்த பாட்டு அது. ஒத்திகையின் இடையில் குழுவினர் அதை வாசித்துக் காட்ட, யார்க் அதை ‘எங்களுடைய ஸ்காட் வாக்கர் பாட்டு’ என்று குறிப்பிட்டார். ஸ்காட் வாக்கர் 1960களிலிருந்து இங்கிலாந்தில் பெயர் பெற்றிருந்த பாடகர். அவருடைய சாயலில் எழுதியது என்பதே யார்க் சொல்ல நினைத்தது. தயாரிப்பாளர்கள் இருவரும் அதை ஸ்காட் வாக்கரே பாடிய பழைய பாட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். இவர்களிடம் உள்ளவற்றிலேயே நல்ல பாட்டு இன்னொருவருடையதாகப் போயிற்றே என்று கோல்டரி ஸ்லேட்டிடம் அங்கலாய்த்துக்கொண்டதாகப் பின்னர் இருவருமே சொல்லியிருக்கிறார்கள்.

எடுத்துக்கொண்ட இரண்டு பாடல்களும் சரிவரவில்லை. திரும்பத் திரும்ப வாசித்து எல்லோரும் சோர்ந்துபோயிருந்த ஒரு கட்டத்தில், இறுக்கத்தைத் தளர்த்துவதற்காக அந்த மற்றப் பாட்டைக் கொஞ்சம் வாசியுங்கள் என்று கோல்டரி கேட்டார். நாடா ஓடிக்கொண்டிருந்தது. ஒரே டேக்கில், அதாவது ஒரே முறை வாசித்ததிலேயே, முடிந்தது. முடிந்ததும் கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பாட்டு அவர்களுடையதுதான் என்று தெரிந்த பிறகு, முதல் சிங்கிளாக இதையே வெளியிடலாம் என்று கோல்டரி நிறுவனத்தாரை அழைத்துச் சொன்னார். சிறிது காலம் ஒலிப்பதிவுக் கூடத்தில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: இது பதிவாகிறது, இதுதான் முடிவானது என்று தெரிந்தவுடன் வாசிப்பவரின் கைவிரல்கள் தாமாகவே எச்சரிக்கையாகிவிடும். அந்த எச்சரிக்கை துளியும் ஏறாத டேக் இது என்பது முதல் சில விநாடிகளிலேயே என் காதுக்குப் பிடிபட்டுவிடுகிறது.

இனி அந்தக் கரகரப்பு. குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி கிரீன்வுட்டுக்குப் பாட்டின் தொடக்கப் பகுதி பிடிக்கவில்லை. சாதுவாக, மெதுவாக இருப்பதாக அவருக்குப் பட்டது. அதனால் கோரஸ் தொடங்குவதற்குச் சற்று முன்னால் தம்முடைய டெலிகாஸ்டர் கிட்டாரின் கம்பிகளை இடக்கையால் அழுத்தாமல் வெறுமனே பொத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் ஓங்கி அறைந்தார். கம்பியைப் பொத்தி அடித்தால் சுரம் எழாது. மரப்பலகையை ஆணியால் கீறியதுபோல் ஓசை மட்டும்தான் வரும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் முழுவதுமாக ஏற்றியிருக்கும்போது அந்தக் கீறலே வெடியாகிறது. ஜானி பாட்டைக் கெடுக்கப் பார்த்த ஓசைதான் அது என்று அதே குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞரான எட் ஓ’பிரையன், எழுத்தில் கொண்டுவர முடியாத மொழியில், சொல்லியிருக்கிறார். ஆகவே கெடுப்பதற்காகவே வாசித்தது என்பதே சரி. ஆனால் தனித்தனித் தடங்களைச் சேர்த்துக் கலக்கும் மிக்ஸிங்கின்போது அதை அடக்கி வைக்காமல் முன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது தயாரிப்பாளர்களின் தீர்மானம். அதைத் தற்செயல் என்று சொல்லக் கூடாது.

உண்மையான தற்செயல் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஜானி இந்தப் பாட்டுக்குப் பியானோவும் வாசித்தார். மிக்ஸிங் செய்த கோல்டரி அந்தத் தடத்தை ஏற்ற மறந்துவிட்டு, பாட்டின் முடிவு நெருங்கும்போதுதான் நினைவு வந்து ஏற்றினார். கேட்ட குழுவினர் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். இன்று நாம் கேட்பது அந்த மறதியைத்தான்.

வானொலி நேயர் (மறுமொழி):

பட்டியல் கணக்கை நான் எடுத்துக்கொள்கிறேன். 78, 7 இரண்டும் சரி. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஓர் ஆண்டு இருக்கிறது.

சிங்கிள் முதலில் வெளிவந்தது 1992 செப்டம்பர் 21 அன்று. பிரிட்டனில் ஏறத்தாழ 6,000 படிகளே விற்றன. 78ஆம் இடத்தோடு இறங்கிவிட்டது. பிபிசியின் ரேடியோ 1 அலைவரிசை, மனத்தைச் சோர்வடையச் செய்யும் பாட்டு என்று கருதித் தன் ஒலிபரப்புப் பட்டியலில் இதைச் சேர்க்கவில்லை. அந்த நாளில் பிரிட்டனில் அந்த ஒரு வானொலி கைவிட்டால் சிங்கிளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. குழு அடுத்த சிங்கிள்களை நோக்கி நகர்ந்தது. 1993 பிப்ரவரியில் ‘எனிஒன் கேன் ப்ளே கிட்டார்’ 32ஆம் இடத்தையும், மே மாதம் ‘பாப் இஸ் டெட்’ 42ஆம் இடத்தையும் பிடித்தன. உள்ளூரில் ‘க்ரீப்’ முடிந்துபோன கதையாகிவிட்டிருந்தது.

அது உயிர் பெற்றது இஸ்ரேலில். இ.எம்.ஐ. நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரதிநிதி இந்தப் பாட்டை யோவ் குட்னர் என்ற புகழ்பெற்ற வானொலித் தொகுப்பாளரிடம் சேர்ப்பித்தார். அவருக்குப் பிடித்துப்போய்த் தம் நிகழ்ச்சியில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார். 1992 முடிவதற்குள் அங்கே அது வெற்றிப் பாட்டாகிவிட்டது. சொந்த ஊரில் திரும்பிப் பார்க்க ஆளில்லாத குழு, அடுத்த ஆண்டு டெல் அவிவில் போய் இறங்கியபோது நட்சத்திரங்களாக வரவேற்கப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோவின் கே.ஐ.டி.எஸ். வானொலி இதைத் தன் பட்டியலில் சேர்த்தது. அங்கிருந்து லாஸ் ஏஞ்சலிஸின் கே.ஆர்.ஓ.க்யூ. வழியாக மேற்குக் கரை முழுவதும் பரவியது. நிர்வாணா என்ற ராக் குழுவின் அலை அப்போது அங்கே உச்சத்தில் இருந்தது. மெதுவாகத் தொடங்கித் திடீரென்று வெடிக்கும் பாட்டுகளுக்கு அமெரிக்கக் காதுகள் பழகியிருந்தன. அமெரிக்க இசை இதழான பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலில் 2ஆம் இடம், முதன்மைப் பட்டியலான ஹாட் 100இல் 34ஆம் இடம்.

இவ்வளவும் ஆன பிறகுதான் பிரிட்டனில் மறுவெளியீடு என்ற பேச்சு எழுந்தது. குழுவினருக்கு முதலில் அதில் விருப்பமில்லை, பிறகு இணங்கினார்கள். 1993 செப்டம்பரில் மறுபடியும் வெளிவந்த அதே பதிவு 7ஆம் இடத்தைப் பிடித்தது. ஓராண்டுக்கு முன்பு இதே பாட்டுக்கு இதே நாட்டில் இடமில்லாமல் இருந்ததை எண்ணிப் பார்த்தால், விற்பனைப் பட்டியலை வைத்துப் பாட்டை எடைபோடும் பழக்கத்தின் மேல் எனக்கு நம்பிக்கையே போய்விடுகிறது. ஒரு சுரத்தைக்கூட மாற்றாத பாட்டு அது.

சுரத்தை மாற்றவில்லை; சொல்லை மாற்றினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோரஸுக்கு முன்னால் மூலப் பாட்டில் உள்ள ஆங்கில வசைச்சொல் வானொலியில் செல்லாது என்பதால், அந்த இடத்தில் ‘மிகவும்’ என்று பொருள்படும் சாதுவான சொல்லைப் போட்டு இன்னொரு வடிவத்தையும் பதிவு செய்தார்கள். சினத்தை எடுத்துவிட்டதால் பாட்டு நீர்த்துப்போனது என்று யார்க்குக்கே பின்னர் வருத்தம் இருந்தது.

சுரக்குறிப்பு (மறுமொழி):

மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லும் முன்னால் கிட்டாரைக் கையில் எடுத்துக்கொண்டால் நல்லது. ‘க்ரீப்’ முழுவதும் நான்கே கார்டுகள் (சில சுரங்களை ஒருசேர ஒலிப்பது கார்டு): ஜி மேஜர், பி மேஜர், சி மேஜர், சி மைனர். ஒவ்வொன்றையும் சம அளவு நேரம் வாசித்துவிட்டு மறுபடியும் முதலுக்கு வர வேண்டும். கோரஸ் என்று தனியாக வேறு கார்டுகள் இல்லை. கடைசி வரைக்கும் அதே சுற்றுதான்.

எளிமையாகத் தெரிந்தாலும் அந்தச் சுற்றுக்குள் நுட்பமான ஒன்று நடக்கிறது. ஜி என்பதை ஷட்ஜமமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு கார்டிலிருந்தும் ஒரே ஒரு சுரத்தை மட்டும் பிரித்துக் கேளுங்கள். முதல் கார்டில் பஞ்சமம் இருக்கிறது. இரண்டாவதில் அது சுத்த தைவதமாக ஏறுகிறது. மூன்றாவதில் சதுஸ்ருதி தைவதம். நான்காவதில் மீண்டும் சுத்த தைவதத்துக்கு இறங்கி, சுற்று திரும்பும்போது பஞ்சமத்தில் வந்து சாய்கிறது. ஒவ்வொரு படியும் அரைச்சுர அளவுதான். இரண்டு படி ஏறி, அந்த உயரத்தில் நிற்க முடியாமல் அதே இரண்டு படியும் இறங்குகிற இந்த அசைவு பாட்டு முழுவதும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. தன்னை ஒதுக்கப்பட்டவனாக உணரும் ஒருவனின் புலம்பல் என்று பாட்டின் பொருளைச் சொல்வார்கள். சொற்களை முழுவதுமாக நீக்கிவிட்டாலும் அந்தப் பொருள் கார்டுகளில் எஞ்சியிருக்கும் என்பது என் கருத்து.

சிக்கல் என்னவென்றால் இந்தச் சுற்று முன்பே வந்துவிட்டது. ஆல்பர்ட் ஹாமண்டும் மைக் ஹேசல்வுட்டும் சேர்ந்து எழுதி, ஹாமண்ட் 1972இல் பாடி, 1974இல் தி ஹாலீஸ் குழுவின் குரலில் உலகப் புகழ் பெற்ற ‘தி ஏர் தட் ஐ ப்ரீத்’ பாட்டிலும் இதே கார்டு நகர்வு இருக்கிறது. கார்டு நகர்வு மட்டும் ஒத்திருந்தால் யாரும் வழக்குக்குப் போக மாட்டார்கள். அது பொதுச்சொத்து போன்றது. ஆனால் ‘க்ரீப்’ பாட்டில் குரல் உச்சத்துக்குப் போகும் இடைப்பகுதி இருக்கிறதே, அங்கே மெட்டும் அந்தப் பழைய பாட்டை நெருங்கிவிடுகிறது. அதனால் பதிப்புரிமை கோரப்பட்டது. ஹாமண்டும் ஹேசல்வுட்டும் இணை எழுத்தாளர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். அந்த இளைஞர்கள் ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டதால் முழுவதையும் கேட்காமல் சிறு பங்கோடு நிறுத்திக்கொண்டோம் என்ற பொருளில் ஹாமண்ட் பின்னாளில் பேசியிருக்கிறார். எனக்குப் பிடித்த செய்தி இதுதான். மறுத்து வாதாடியிருந்தால், முதல் பாட்டின் வருமானம் முழுவதும் வழக்கறிஞர்களிடம் போயிருக்கும்.

இந்தச் சங்கிலி இன்னும் நீண்டது. 2018 ஜனவரியில் பாடகி லானா டெல் ரே, தம்முடைய ‘கெட் ஃப்ரீ’ பாட்டு ‘க்ரீப்’ போல இருப்பதாகச் சொல்லி அதன் பதிப்புரிமை முழுவதையும் ரேடியோஹெட் தரப்பினர் கேட்கிறார்கள் என்று அறிவித்தார். உரிமையை நிர்வகிக்கும் வார்னர் சாப்பல் நிறுவனம் அப்படிக் கேட்கவில்லை என்று மறுத்தது. நான்கு கார்டுகள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அவ்வளவு எளிதில் தீராது.

நரம்பிசை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ப–த–த–த–ப என்ற அந்த ஏற்ற இறக்கத்தைக் கிட்டாரில் ஒற்றைக் கம்பியில் வாசித்துப் பார்த்தேன். இத்தனை நாள் எப்படிக் கேட்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. ஒரு துணைக்கேள்வி: குழுவினர் இந்தப் பாட்டை வெறுத்தார்கள் என்பது உண்மையா?

வானொலி நேயர்:

பாட்டை வெறுத்தார்கள் என்பதைவிட, இதை மட்டுமே கேட்க வந்த கூட்டத்தை வெறுத்தார்கள் என்பது பொருத்தம். ‘பாப்லோ ஹனி’ காலத்துச் சுற்றுப்பயணத்தில் இந்தப் பாட்டு முடிந்ததும் எழுந்து போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு அலுத்துவிட்டது. 1994இல் வந்த ‘மை அயர்ன் லங்’ பாட்டே இதற்கு எழுதிய பதில்தான். ‘அயர்ன் லங்’ என்பது ஒரு சுவாச இயந்திரம்; உயிரைக் காப்பாற்றும் அந்த இயந்திரத்துக்குள் நோயாளி சிறைப்பட்டும் கிடக்கிறான் அல்லவா, அந்த உவமையை நினைத்துப் பாருங்கள். 1990களின் இறுதியிலிருந்து மேடையில் இது அரிதாகிவிட்டது. 2001இல் சொந்த ஊரான ஆக்ஸ்போர்டின் சவுத் பார்க்கில் நடந்த நிகழ்ச்சியில், கடைசிப் பாட்டுக்கான விசைப்பலகை பழுதாகிவிட, அதற்கு ஈடாக இதை வாசித்தார்கள். 2009 ரெடிங் விழாவிலோ யாரும் எதிர்பாராத வகையில் இதையே முதல் பாட்டாக வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 2008 கோச்செல்லா விழாவில் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் இதைப் பாடிவிட்டு, ரசிகர்கள் ஏற்றிய காணொளிகளை இணையத்திலிருந்து நீக்கச் செய்தார். செய்தி யார்க்கின் காதுக்கு எட்டியபோது, பாட்டு எங்களுடையதாயிற்றே, தடையை எடுக்கச் சொல்லுங்கள் என்றாராம்.

பதிவறை:

ஒரு சிறு திருத்தம். பாட்டின் பொருளைப் பற்றி மேலே நண்பர் சுரக்குறிப்பு சொன்னதை நான் முழுவதுமாக ஏற்கவில்லை. இதை வெறும் புலம்பலாகக் கேட்டால் பாதியைத் தவறவிடுவோம். யார்க் பின்தொடர்ந்து சென்ற ஒரு பெண்ணைப் பற்றியது என்றும், அந்தப் பெண் எதிர்பாராமல் அவர்களுடைய நிகழ்ச்சிக்கு வந்திருந்தார் என்றும் ஜானி சொல்லியிருக்கிறார். அந்தப் பின்தொடர்தலில் உள்ள அருவருப்பையும் பாட்டு மறைக்கவில்லை. அருவருப்பூட்டும் ஆள் என்று பொருள்படும் தலைப்பே அதைத்தானே ஒப்புக்கொள்கிறது. சாதுவான சுற்றின் மேல் அந்தக் கீறல் விழும்போது, பாடுகிறவன் மேல் நமக்கு எழும் இரக்கத்தை அது இடையில் வெட்டிவிடுகிறது. ஜானி அதை எண்ணி வாசிக்கவில்லை என்பது வேறு செய்தி.

சுரக்குறிப்பு:

ஏற்றுக்கொள்கிறேன். தலைப்பை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நரம்பிசை:

நேற்றிரவு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு மறுபடியும் கேட்டேன். முதல் கோரஸுக்கு முன்னால் கீறல் வந்தது. இரண்டாவது கோரஸுக்கு முன்னாலும் வந்தது. இடைப்பகுதியில் குரல் உச்சத்துக்குப் போய் அடங்கிய பிறகு, கடைசிக் கோரஸுக்கு முன்னாலும் வரும் என்று தோளை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. குரல் தணிந்து அப்படியே கோரஸுக்குள் நழுவிவிட்டது. முடிகிற நேரத்தில், கோல்டரி ஏற்ற மறந்திருந்த அந்தப் பியானோ மெல்லக் கேட்கத் தொடங்கியது.